முசேயின் கொய்யாக் கம்புகள்

தந்தி புதன்கிழமை காலையில் வந்தது. சைகோனிலிருந்து புறப்பட்ட கப்பல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சேக் அலாவுதீன் கொடுத்திருந்தார். தந்தி கொண்டு வந்தவரை மூன்று தரம் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் ஆஸியா பீவி. நான்கு வருஷம் கழித்து வருகிறார் புருஷன். யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு மதினி இன்னும் குளித்துக்கொண்டிருந்தாள். அதனால் ஆஸியா கூடத்துக்கு ஓடி, கிளிக்கூண்டின் முன்னால் போய் நின்றாள்.

"முசே! மச்சான் வர்றாக! நாளன்னிக்கு!"

அலாவுதீன் சைகோன் போவதற்கு முந்தின மாதம் குஞ்சாக வாங்கி வந்த கிளி அது. பிரெஞ்சுக்காரத் துரைகளைப் போல அது தலையை நிமிர்த்திப் பார்க்கிறது என்று, அவர்களை அழைக்கிற 'முசே' என்ற பேரையே வைத்ததும் அவர்தான். எந்தக் கடிதம் எழுதினாலும் கடைசி வரியில் அதைப் பற்றி விசாரிப்பார். 'முசே எப்படி இருக்கிறான், மிளகாய் தின்கிறானா.'

முசே எப்போதும் போலச் சத்தம் போடவில்லை. உட்காரும் கம்பியை விட்டுவிட்டு, கூண்டின் பக்கவாட்டுக் கம்பிகளை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸியா ஒரு பழ மிளகாயைக் காட்டினாள். கிளி இறங்கி வந்து கம்பியில் ஒற்றைக் காலை மட்டும் ஊன்றியது. மற்றக் காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டது. மடக்கிய காலின் அடிப்பக்கம் அவள் கண்ணில் பட்டது. தோல் வழுவழுவென்று சிவந்து, நடுவில் பயற்றம்பருப்பு அளவுக்கு ஒரு புண்.

அவள் கூண்டை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஊரைக் காலி செய்து போன ஒரு பிரெஞ்சுக் குடும்பம் சாமான்களையெல்லாம் விற்றபோது, அந்தப் பித்தளைக் கூண்டை ஆசைப்பட்டு வாங்கியவள் அவள்தான். கோபுரம் மாதிரி உச்சி வைத்த கூண்டு. உள்ளே குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள், ஒரே தடிமன், கண்ணாடி மாதிரி வழவழப்பு. பழைய மூங்கில் கூண்டைக் கழித்துக் கட்டிவிட்டு, "இனிமே நீ துரைதான்டா" என்று கிளியை உள்ளே விட்டதும் அவளேதான்.

"நான்தான் இந்தப் பிள்ளையோட காலைக் கெடுத்திருக்கேன்" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

அதற்கப்புறம் அவளால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. மஞ்சளைக் குழைத்துக் கிளியின் பாதத்தில் தடவினாள். அரிசி களைந்த தண்ணீரைக் கொல்லையில் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கொய்யா மரத்தில் ஏழெட்டுக் காட்டுக் கிளிகள் இறங்கியிருந்தன. தினமும் வந்து கொய்யாவைக் கொத்திப் பாழாக்குகிற கிளிகள். தினமும் அவள் கை தட்டி விரட்டுவாள். இன்றைக்கு மூச்சுக் காட்டாமல் பார்த்தாள்.

ஒன்று கைத்தடி கனமுள்ள கிளையில் பாதத்தை முழுக்கப் பரப்பி நின்றது. அதுவே இரண்டு எட்டு நகர்ந்து, சுண்டுவிரல் பருமனுள்ள சிம்பை விரல்களால் சுற்றிப் பிடித்தது. பிறகு முடிச்சு விழுந்த இடத்துக்குப் போய் அலகைத் தேய்த்தது. எந்தக் கிளியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்கவில்லை. பாதத்தின் ஒவ்வொரு பக்கமும் மாறி மாறி மரத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஆஸியாவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "கம்பிதான்! கம்பிதான் காரணம்!" என்று தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறுஞ்சட்டியோடு உள்ளே ஓடினாள்.

மதினி சுல்தான் பீவி ஈரத் தலையோடு வந்து கேட்டுக்கொண்டாள். தம்பி வருகிற சந்தோஷத்தில் அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை. "இதுக்கா இம்புட்டுக் கலவரம்? நாளைக்குக் காலையில நானே நல்ல கம்பா கொண்டாறேன், பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி வியாழக்கிழமை விடிந்ததும் கொண்டுவந்துவிட்டாள். ஆஸியா அடுப்பில் பால் வைத்திருந்த நேரம் பார்த்து, இரும்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, தன் வீட்டு வேலியோரத்திலிருந்து வெட்டிய பச்சைக் கொம்பு ஒன்றைக் கூண்டுக்குள் மாட்டினாள். நேரான கொம்பு. நுனியில் ரோஸ் நிறப் பூங்கொத்தையும் அழகுக்காக விட்டு வைத்திருந்தாள்.

"வந்து பாருடி! கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கு!"

அந்த நேரத்தில்தான் காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் செல்லம் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடையை இறக்கப் போனவள் கூடத்தைப் பார்த்ததும் இறக்காமலே கத்தினாள்.

"அய்யய்யோ! அது அரளிக் கொம்பு! தங்கச்சி, ஓடு! கிளி கடிச்சுச்சுன்னா செத்துப்பூடும்!"

ஆஸியா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். முசே கொம்பின் மேல் ஏறி, தலையைச் சாய்த்து, பட்டையில் அலகை வைத்துவிட்டிருந்தது. அவள் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். கிளி வெருண்டு அவள் கட்டைவிரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. ஒரு கையில் கிளியைப் பொத்திப் பிடித்து, மறு கையால் கொம்பை உருவி முற்றத்தில் வீசினாள்.

மூன்று பெண்களும் அந்தக் கொம்பின் மேல் குனிந்தார்கள். பட்டையில் நகக்கீறல் மாதிரி ஒரு தடம் இருந்தது. அவ்வளவுதான், பட்டை பெயரவில்லை, பால் கசியவில்லை.

"உள்ள போயிருக்குமா செல்லக்கா?"

"வாயைப் பாரு மொதல்ல."

ஈரத் துணியால் அலகைத் துடைத்தார்கள். வாய்க்குள் ஒன்றும் இல்லை. சுல்தான் பீவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நானே கொல்லப் பாத்தேனே!" பால் பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் எழுந்து போகவில்லை. செல்லத்தின் கூடையில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. ஆஸியா கிளியை மடியில் வைத்து, அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து முசே அவள் மடியிலிருந்து நகர்ந்தது. ஒற்றைக் காலில் நொண்டி நொண்டிப் போய், சுல்தான் பீவியின் முந்தானை முடிச்சைப் பிடித்து இழுத்தது. அதில் அவள் எப்போதும் பொட்டுக்கடலை முடிந்து வைத்திருப்பாள்.

"தின்னுடா என் ராசா, எல்லாத்தையும் தின்னு!" அழுதுகொண்டே சிரித்தாள் சுல்தான் பீவி. ஆஸியாவும் செல்லமும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை.

"சரி, இனி ஊருல உள்ள கம்பெல்லாம் வேணாம்" என்று ஆஸியா எழுந்தாள். "காட்டுக் கிளி எந்த மரத்தைத் தின்னுட்டு உசுரோட இருக்குதோ அந்த மரந்தான். செல்லக்கா, ஏணியைப் பிடிக்கிறியளா?"

ஆண்கள் யாரும் வந்துவிடாமல் சுல்தான் பீவி முன்வாசலைப் பார்த்துக்கொண்டாள். சேலையை வரிந்து கட்டி, சின்ன அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸியா கொய்யா மரத்தில் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் மரம் ஏறியதோடு சரி. பட்டை காலில் வழுக்கியது, கடிபட்ட விரல் வலித்தது, ஆனால் மேலே போகப் போக அவளுக்குக் குஷி தாளவில்லை. நேற்று கிளிகள் நின்ற கிளைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பார்த்தாள். தன் கையைக் கிளிப் பாதமாக நினைத்துக்கொண்டு விரல்களைச் சுற்றினாள்.

"இது ரொம்பத் தடி. விரல் சுத்தாது. இது ரொம்ப நேரு, பழையபடி கம்பி மாதிரிதான். ஆங், இது! செல்லக்கா, இங்க பாருங்க, ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்து, நடுவுல ஒரு கோணல்!"

"கோணக் கம்பை வச்சிக்கிட்டு இம்புட்டுச் சந்தோஷமா ஒனக்கு?"

"கோணல்தான் வேணும்!"

அவள் வெட்ட ஆரம்பித்தாள். முன்வாசலில் சுல்தான் பீவி வீல் என்று ஏதோ கத்துவது கேட்டது. மறுபடியும் கிளிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஆஸியாவின் கை நின்றது. கொல்லைக் கதவு திறந்தது. நிலைப்படியில் கோட்டும் தூசி படிந்த தொப்பியுமாக ஓர் ஆள். பின்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதினி.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் சேக் அலாவுதீன். கூடத்திலும் அடுப்பங்கரையிலும் தேடிவிட்டு வந்தவர், இப்போது கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "ஆஸியா எங்க?"

செல்லம் ஏணியைப் பிடித்த கையை விடாமல் மோவாயை மேலே தூக்கிக் காட்டினாள்.

மரத்தின் மேலிருந்து பதில் சலாம் வந்தது. "நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னீக?"

"ஒரு லாரி கெடைச்சுது, ஏறிட்டேன். நீ அங்க என்ன பண்றே?"

"முசேக்குக் கம்பு வெட்டுறேன்."

நான்கு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். அலாவுதீன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் முகமெல்லாம் வியர்வை, தலையில் கொய்யா இலை. அவர் கண் கலங்கிவிட்டது. இறங்கி வா என்று சொல்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அதை வெட்டாத" என்றார். "அதுல பூச்சி அரிச்சிருக்கு, கீழேருந்து தெரியுது. வலப்பக்கம், ஒனக்கு மேல, ரெண்டாப் பிரியுது பாரு. அதை வெட்டு!"

ஆஸியா திரும்பிப் பார்த்தாள். கவட்டையாகப் பிரிந்த அழகான கிளை. "ஆமாங்க!" என்று கத்தினாள். அவள் வெட்டிப் போட, கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் கீழே நின்று ஏந்திக்கொண்டார். முதலில் கவட்டை, பிறகு ஒரு தடித்த கம்பு, பிறகு பூச்சி அரிக்காத வேறொரு கோணல் கம்பு. அப்புறம்தான் இறங்கினாள். கடைசிப் படியில் அவர் கை கொடுத்தார். ரத்தம் காய்ந்த கட்டைவிரலைப் பார்த்து, "யாரு கடிச்சா?" என்றார்.

"ஒங்க முசேதான்" என்றாள். அவர் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லம் கூடையைத் தூக்கிக்கொண்டு மதினியையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கம்புகளைக் கொதிக்கிற தண்ணீரில் அலசி, ஓட்டு மேல் வெயிலில் காயவைத்தார்கள். அன்றிரவு முசே கோணிச்சாக்கு விரித்த கூடையில் தூங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் இருவரும் கூடத்தில் கூண்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கம்புகளின் முனையில் பள்ளம் வெட்டிக் கூண்டுக் கம்பியில் கவ்வ வைத்தார் அலாவுதீன். எந்தக் கம்பு எங்கே என்பதில்தான் சண்டை.

"தண்ணிக் கிண்ணத்துக்கு நேர் மேல வைக்காதீக, எச்சம் விழும்."

"சரி, இங்க?"

"வால் கம்பியில இடிக்குது பாருங்க. ரெண்டு விரக்கடை உள்ள தள்ளுங்க."

தடித்த கம்பு கீழே, கவட்டை நடுவில், நுனி சிறுத்த கோணல் கம்பு உச்சியில் என்று முடிவானது. கிளியை உள்ளே விட்டார்கள். முசே தடித்த கம்பில் ஒற்றைக் காலை வைத்தது. பட்டையை மோப்பம் பிடிப்பது மாதிரி அலகால் தொட்டுப் பார்த்தது. ஒரு தோலை உரித்துத் துப்பியது. பிறகு அலகால் பற்றிக் கவட்டைக்கு ஏறி, வயிற்றோடு மடக்கி வைத்திருந்த புண்பட்ட காலை மெதுவாக நீட்டி, அதன் பிரிவில், புண் படாதபடி ஓரத்தில் ஊன்றியது. இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். பிடி இறுகியது.

"வச்சிடுச்சு! ரெண்டு காலும் வச்சிடுச்சு!" ஆஸியா புருஷனின் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவரும் தரையில் கையை அடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து "என்ன, என்ன?" என்று சுல்தான் பீவி ஓடிவரும் சத்தம் கேட்டது.

புண் ஆற இருபது நாள் பிடித்தது. அதற்குள் முசே முதல் கம்பின் பட்டையை முழுக்க உரித்துவிட்டு இரண்டாவதில் கை வைத்திருந்தது. ஒருநாள் காலையில் ஆஸியா மறுபடி சேலையை வரிந்து கட்டியபோது, அலாவுதீன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தார்.