நூற்று நாற்பத்து மூன்று எச்சரிக்கைகள்

என் கணவர் இறந்த நான்காம் நாள் அவருடைய மேலாளர் வந்தார். ஷூவைக் கழற்றும்போதே அவர் கண் மேஜைமேல் இருந்த லேப்டாப்புக்குப் போய்விட்டது. கழுத்து வியர்வையைத் துடைத்த கைக்குட்டையை அதன் மூடிமேலேயே வைத்தார்.

"தலைக்கு மேல வெள்ளம் போகுதும்மா. இல்லைன்னா இந்த நேரத்துல வருவேனா?"

மருந்து வைக்கும் உறைபெட்டிகளுக்கு நிரல் எழுதுவது என் கணவரின் வேலை. சி என்ற கணினி மொழியில் ஒரு சிறிய எண்ணுக்கு மைனஸ் உண்டா இல்லையா என்று எழுதிச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு சிப்பும் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளுமாம். பழைய சிப்பில் மைனஸ் இருபது டிகிரி என்று தெரிவது, புதியதில் இருநூற்று முப்பத்தாறு ஆகிவிடும். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் நூற்று நாற்பத்து மூன்று இடங்களில் எச்சரித்தது. வாடிக்கையாளர் பார்வையிட வரும் நாளில் அலுவலகச் சுவர்த்திரையில் எச்சரிக்கை பூஜ்யம் என்று தெரிய வேண்டும் என்று, எச்சரிக்கையே காட்டாதபடி ஒரு சுவிட்சைப் போடச் சொன்னவர் இந்த மேலாளர்தான்.

அன்று என் கணவருக்குச் சோறு இறங்கவில்லை. "கம்பைலர் வாயைக் கட்டிட்டானுங்க" என்றார். பிறகு தினமும் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

"உங்க கம்பைலரும் உங்க அம்மா மாதிரி எல்லாத்துக்கும் முணுமுணுக்குது" என்றேன் ஒருநாள்.

"அம்மா சொன்னதுல பாதி நெஜம்டி. எந்தப் பாதின்னு பார்க்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை."

அவர் போவதற்கு முந்தின வாரம் மூன்று முறை நடுநெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்றார். மூன்று முறையும் வாயு மாத்திரை கொடுத்தேன். அதனால் எதிரே இருந்த மேலாளரை முழுதாக வெறுக்கவும் எனக்கு வாய்க்கவில்லை.

"பெட்டியெல்லாம் இருநூத்து முப்பத்தாறு காட்டுது. அலாரம் ஓயாம கத்துதுன்னு ஆஸ்பத்திரில அதோட வயரையே புடுங்கிட்டாங்க" என்றார் அவர்.

"இப்ப நெஜமாவே பெட்டி நின்னுபோனா?"

"அதான்மா பயம். உள்ள குழந்தைங்க மருந்து. புதுசா ஒருத்தன் உட்கார்ந்தா மூணு வாரம் ஆகும். அவர் வீட்ல செஞ்சு வெச்சிருக்கார்னு பசங்க சொல்றாங்க. பாஸ்வேர்டு தெரியுமா?" தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. இவர் முகத்தில் கரியைப் பூச அலாரம் பிடுங்கிய அந்தப் பெட்டிகளா எனக்குக் கிடைத்தன?

கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்து அவர் மடியில் போட்டேன். லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டினேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் என் கணவர் அமுக்கும் பொத்தான் எனக்குத் தெரியும். எச்சரிக்கையை மறைக்கும் அந்தச் சுவிட்ச் இல்லாமல்தான் ஓட்டுவார். அமுக்கினேன். வரிகள் வெள்ளையாக மேலே ஓடி நின்றன. அடியில் மட்டும் மிச்சமிருந்த ஒரே ஒரு எச்சரிக்கை, மஞ்சள் வரியாக.

மேலாளர் பெருமூச்சு விட்டார். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா. அதை மட்டும் அணைச்சுட்டா இன்னிக்கே அனுப்பிடலாம்."

பிஸ்கட் தூள் ஒட்டிய விரல் விசைப்பலகையை நோக்கி வந்தது. லேப்டாப்பை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். இன்னும் கதகதப்பாகாத அதன் அடிப்பாகம் தொடையில் சில்லென்றது. மஞ்சள் வரிக்குக் கீழே, எழுதக் காத்திருக்கும் ஒரு சிறு கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது.