இரவல் மூக்கு

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு 'மோப்பம்' என்றுதான் பட்டப்பெயர். மோட்டாருக்குள் கம்பி சுற்றிய காயில் லேசாகச் சூடேறினால் போதும், மற்றவர்கள் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூக்கை ஒருதரம் உறிஞ்சிவிட்டு, "மேல போய்ப் பாருங்கப்பா, காயில் வேகுது" என்பார். போய்ப் பார்த்தால் வெந்துகொண்டுதான் இருக்கும்.

போன மழைக்காலத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் தையல் போட்டார்கள். தையல் ஆறியது, தலைசுற்றல் நின்றது, வேலைக்கும் திரும்பினார். வாசம் மட்டும் திரும்பவில்லை.

யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தார். "அடிபட்டதுல மூக்கு நரம்பு அறுந்திருக்கும். வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று டாக்டர் மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பினார். வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. கை ஒடிந்தால் கட்டுப்போட்டுக் காட்டலாம். மூஞ்சியில் மூக்கு கிண்ணென்று உட்கார்ந்திருக்கும்போது அது செத்துப்போச்சு என்றால் எவன் நம்புவான்?

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எப்போதும் அவர் பொறுப்பு. மனைவி பேக்கரியில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க அடுப்புச் சூட்டில் நிற்கிறவளை ஞாயிற்றுக்கிழமையும் நிற்க வைக்க அவருக்கு மனசு வராது. குழம்பு, குருமா என்று இழுக்கமாட்டார். மட்டன் வறுவல் ஒன்றுதான். சுண்டச் சுண்ட வறுத்து, கறியில் மிளகு ஒட்டிப் பளபளக்க இறக்குவார். விழுந்ததிலிருந்து அதையும் விட்டுவிட்டார். ஒரு வாரம் முதுகு பிடித்திருக்கும். இன்னொரு வாரம் கடையில் கறி முற்றலாக இருக்கும். சாக்குக்கா பஞ்சம்?

கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்ததும் சாக்கெல்லாம் தீர்ந்துபோனது. அவள் மாசமாக இருந்தாள். எந்த வாசமும் அவளுக்கு ஆகவில்லை. சோப்பைக் கண்டால் குமட்டல், காப்பியைக் கண்டால் ஓட்டம். மாப்பிள்ளையின் சட்டையைக்கூடப் பால்கனியில் தொங்கவிட்டிருந்தாளாம். "எல்லாரோட மூக்கையும் சேத்து எனக்கே வெச்சுட்டாங்கம்மா" என்று அழாத குறை. அப்படிப்பட்டவள், "அப்பா, உன் கையால வறுவல் தின்னா மட்டும் தங்கும்னு தோணுதுப்பா" என்றாள்.

அதைத் தட்ட எந்த அப்பனுக்கு நாக்கு வரும்?

ஞாயிறு காலையிலேயே போய்த் தொடைக்கறியும் நெஞ்செலும்பும் கலந்து வாங்கி வந்தார். கழுவி, மஞ்சளும் உப்பும் இஞ்சிபூண்டு விழுதும் போட்டுப் பிசறிக் குக்கரில் ஏற்றினார். கண் இருக்கு, காது இருக்கு, சமாளித்துவிடலாம் என்று தெம்பாகத்தான் இருந்தது. மசாலா வறுக்கச் சட்டியை வைத்ததும் அந்தத் தெம்பு ஆட்டம் கண்டது. மல்லி எப்போது போதும், சோம்பு எப்போது போதும் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மூக்கு 'போதும்' என்று சொல்லும், கை அணைக்கும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. இப்போது சட்டிமேல் குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தார். வெறும் சூடு. பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

தீயைக் குறைத்துவிட்டு, அதற்குள் சின்ன வெங்காயத்தை உரித்துவிடலாம் என்று திரும்பி உட்கார்ந்தார். வெங்காயம் கண்ணைக் கரித்தது. அது மட்டும் பழையபடி இருந்ததில் ஒரு சின்ன சந்தோஷம். கண்ணைத் துடைத்துத் துடைத்து உரித்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ, கருகுதுப்பா!" என்று ஹாலில் மகள் கத்தினாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடும் சத்தம் கேட்டது. மனைவி பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தாள். சட்டியில் மல்லி கரியாகிக் கிடந்தது. புகை அவர் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்க, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மனைவி புகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு வாசம் தெரியலையா?"

"ஜலதோஷம்..."

"என்னங்க."

அந்த ஒரு சொல்லுக்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "விழுந்ததிலேர்ந்து" என்றார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கோ குரல் உடைந்தது. "நான் வேலை முடிஞ்சு வந்தா தலையை மோந்து பாத்து, இன்னைக்கு ரஸ்க்கு, இன்னைக்கு பன்னுன்னு சொல்லுவீங்க. திடீர்னு நின்னுபோச்சு. வயசாச்சு, நான் சலிச்சுப்போயிட்டேன்னு நினைச்சேன். தலைக்கு வாசனை எண்ணெய்கூட மாத்திப் பாத்தேன், தெரியுமா? என்ன புதுசான்னு ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க!"

அவர் எழுந்துவிட்டார். தன் இழப்பு தன்னோடு என்று நினைத்திருந்தவருக்கு, பக்கத்திலேயே ஒருத்தி இத்தனை நாளாய் ஏங்கிக் கிடந்தது உறைத்தது. "நான் ஏங்காத நாள் இல்லம்மா" என்றார். "நீ வர்ற நேரத்துக்குக் கதவுகிட்டயேதான் நிப்பேன். வருவே. ஒண்ணும் வராது. நாளைக்கு நம்ம பாப்பா பிள்ளையப் பெத்துக் கையில குடுப்பா. எல்லாரும் உச்சி மோந்து பாப்பாங்க. நான்..."

அவள் முந்தானையால் முதலில் அவர் கண்ணையும், பிறகு தன் கண்ணையும் துடைத்தாள். "வெங்காயம்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கரிந்ததைக் கொட்டிவிட்டு, ஜன்னலை விரியத் திறந்து, புதிதாக மல்லி போட்டார். அவள் சட்டிக்கு நேராக நின்றாள்.

"என்ன வாசம் வருது?"

"மல்லி வாசம்."

"எப்படி மல்லி?"

"மல்லின்னா மல்லி! அதுல என்ன எப்படி?"

"பச்சையா, வறுபட்டா? சொன்னாத்தானே தெரியும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஈரச் சாக்கு வெயில்ல காயிற மாதிரி இருக்கு."

"அப்ப இன்னும் ஆகணும்."

"இப்ப... புதுத் துணி பிரிச்ச மாதிரி. இருங்க, இருங்க. ரொட்டி மேல்தோல் சிவக்குமே, அது மாதிரி. போதும், அணைங்க!"

அவர் அணைத்தார். அப்படியே சோம்பு, மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் வாய் திறக்கக் காத்து நின்றார். வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்து பொரிந்தபோது அந்தச் சத்தத்துக்குப் பின்னால் எழவேண்டியது எழவில்லை. வெந்த கறியைச் சாறோடு கொட்டி, பொடி தூவி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். சாறு சுண்டச் சுண்டக் கறியின் நிறம் கருத்தது. "சொல்லேன்" என்று அவரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

"நம்ம கல்யாணமான புதுசுல, மாடிப்படி ஏறும்போதே வருமே, அது வந்துடுச்சு" என்றாள் அவள். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். ஞாபகத்தில் அந்த மாடிப்படி இருந்தது, அவள் கட்டியிருந்த புடவை இருந்தது. வாசம் இருந்த இடம் மட்டும் வெள்ளையடித்த சுவர்போல இருந்தது.

கதவு திறந்தது. மகள் நின்றிருந்தாள், கண் சிவந்து.

"பாப்பா, நீ ஏம்மா இங்க வந்தே..."

"எல்லாம் கேட்டுச்சுப்பா. அம்மா ரகசியம் பேசினா தெருமுனை வரைக்கும் கேக்கும்." அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "என் மூக்குல பாதிய எடுத்துக்கோயேன். நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மூவரும் தரையிலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் வாயை மென்ற மகள் நிமிர்ந்தாள். "ஒரு சுத்து அதிகமா வறுபட்டிருக்கு. அம்மா மூக்கு பேக்கரி மூக்கு, அதான்" என்றவள் குனிந்து மறுபடியும் அள்ளினாள். வயிற்றில் தங்கியது. மறுசோறு கேட்டாள். எலும்பை உறிஞ்சினாள். அவளைப் பார்த்தே அவருக்கு வயிறு நிறைந்தது.

பிறகு அவரும் ஒரு துண்டை வாயில் போட்டார். உப்பு தெரிந்தது. மிளகின் காரம் தொண்டையில் ஏறி, காதுவரை சுட்டது. கறி பல்லில் பதமாக நைந்தது. இதற்குமேல் வரவேண்டிய ஒன்று உண்டு. மெல்லுவதை நிறுத்தி அதற்காகக் காத்தார். ரயில் வராத பிளாட்பாரத்தில் நிற்பதுபோல, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"காரம் நல்லா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்தார்.