ஐந்தாவது நாள்

"பிளக் பாயிண்ட் எங்கம்மா?" என்று கேட்டார் குளிர்பெட்டி கொண்டுவந்தவர்.

மகள் சுவரைக் காட்டினாள். அவர் பிளக்கைச் செருகி, சுவிட்சை இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார். "கரண்ட் இல்லியே."

"அப்பா, மெயினைப் போடுங்க."

அம்மாவின் தலைமாட்டில் இருந்த அப்பா அசையவில்லை. "இன்னிக்கு அஞ்சாவது நாள்தான். இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார்.

பத்து நாளில் அப்பாவும் அம்மாவும் மழைக்காட்டுக்குள் குடிபோவதாக இருந்தார்கள். மின்கம்பி எட்டாத இடத்தில், தூண்கள்மேல் நிற்கும் மரவீடு. ஓடைத் தண்ணீரில் ஓடி மின்சாரம் தரும் சின்னச் சுழலி, மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டி வாளிகள், அட்டைகளுக்கு உப்புப் பொட்டலம் என்று கூடத்தில் கால்வைக்க இடமில்லை. எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. முப்பத்தோரு வருடம் ஜன்னலில்லாத எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள். காட்டில் போய் முழிக்கக் கூடாதென்று, ஏழு நாள் இங்கேயே கரண்ட் இல்லாமல் பழக மெயினை அணைத்ததும் அவள்தான். அப்பா லிப்ட் மெக்கானிக். "மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் நான் எடுத்துவிட்டேன். என்னை யாரு எடுத்துவிடறது?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவரும் பழகினார்.

மருந்துக்கடை வைத்திருக்கும் மகளிடம் ஆறு மாதத்துக்கு மருந்து கேட்டிருந்தாள் அம்மா. "இந்தக் கிறுக்குத்தனத்துக்கு நான் துணை வரமாட்டேன்" என்றவள் மூன்று வாரமாகப் பேசவில்லை.

இன்று காலை, வாளியைத் தூக்கப்போன அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவின் போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. நாலு மாடி இறங்கி ஓடினார்.

ஆளைக் கூட்டிவர எத்தனை நிமிஷம் ஆனதென்று மகள் கேட்கவில்லை. கேள்வி வாய்வரை வந்தது.

"அம்மாவை இப்படியே வச்சிருக்க முடியாதுப்பா" என்றாள்.

அவர் எழுந்துபோய் மெயினைப் போட்டார். மின்விசிறி சுழன்றது. டிவியில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். சித்தி ஓடிப்போய் அணைத்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அதன்பிறகு அப்பா ஓரிடத்தில் உட்காரவில்லை. கட்டிய மூட்டையைப் பிரித்தார், பிரித்ததைக் கட்டினார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, ஏதோ திருகாணி தேடப்போனார்.

"இனிமே இதெல்லாம் எதுக்கு அத்தான்? மக வீட்டோட இருந்துக்கங்க" என்றாள் சித்தி.

"வண்டிக்குச் சொல்லியாச்சும்மா."

சொன்ன தேதியில் வண்டி வந்தது. மகள் கடையைச் சாத்திவிட்டு, ஒரு பெட்டி மருந்தோடு முன்சீட்டில் ஏறினாள்.

"ரெண்டு நாள்தான்."

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றார் அப்பா, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டபடி.

பாதை முடிந்த இடத்திலிருந்து சாமான்களைத் தோளில் சுமந்து சேர்த்தார்கள். மூச்சு வாங்குமுன்பே அப்பா சுழலியோடு ஓடையில் இறங்கிவிட்டார். தலைகீழாகப் பொருத்தினார். கழற்றினார். மறுபடி பொருத்தினார். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் மகளுக்குத் தன் இருமலே கேட்கவில்லை.

"போதும், மேல வாங்கப்பா!" என்று படியில் நின்று கத்தினாள்.

முழங்கால் தண்ணீரில் நின்று அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, முகத்தை வழித்துக்கொண்டு தொடர்ந்தார். ஒரு சொல்கூட அவளை எட்டவில்லை. சொல்லி முடித்தவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

அவர் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு ஸ்பேனரைத் தேடினார்.