பச்சைப் புள்ளி

“அக்கா, நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் எங்கம்மாவை இந்த வீடு பாத்துக்குமா?”

ஸ்ரீவர்ஷினி இதைக் கேட்டபோது ஜெஸி ஏணியின் மேல் நின்று, முற்றத்துச் சுவர் மூலையில் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். கீழே பள்ளிச் சீருடையில் நின்ற சிறுமியின் கையில் ஸ்குரூக்கள் கிடந்த கிண்ணம். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “பாத்துக்கும்டா” என்றாள் ஜெஸி. சொல்லிவிட்டு, ஏணியில் நின்றபடியே மனத்துக்குள் சிறிதாக ஒரு ஜெபம் செய்துகொண்டாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கோடை. ஜெஸி திருமங்கலம் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் ராஜேஷ்குமாரின் வீடுதான் அவளுடைய ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் என்பது மேசைமேல் உட்கார்ந்திருக்க வேண்டிய பொருளல்ல, அது சுவரிலும் கதவிலும் கால்மிதியிலும் கரைந்து, மனிதர்கள் கேட்காமலே அவர்களுக்கு உதவ வேண்டும் என்பது அவளுடைய வழிகாட்டி கிருபாகரனின் கனவு. ராஜேஷ்குமாரின் மனைவி, ஸ்ரீவர்ஷினியின் அம்மா ஹம்சவேணிக்கு வலிப்பு நோய். கணவன் கடைகளுக்குச் சேலை கொண்டுபோய்விட்டால் பகல் முழுவதும் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஒரு வெள்ளைப் பெட்டி. உடற்சூடு அசைந்தால் அது உணர்ந்துகொள்ளும். வாசல் கால்மிதிக்குக் கீழே ஒரு மெல்லிய தகடு. எல்லாச் சேதியும் டெலிபோன் கம்பி வழியாகக் கல்லூரிக்குப் போகும். அங்கே ஆய்வகத் திரையில் வீட்டின் வரைபடம் இருக்கும். ஹம்சவேணி எங்கே அசைகிறாளோ அங்கே ஒரு பச்சைப் புள்ளி. சற்று நேரம் எங்குமே அசைவில்லை என்றால் வரைபடம் சிவந்து மணி அடிக்கும்.

ஆறு மாதத்தில் அந்தப் பச்சைப் புள்ளி ஜெஸிக்கு நெருங்கிய உறவாகிவிட்டது. புள்ளி காலையில் அடுப்படியில் வெகுநேரம் நிற்கும். பிறகு பூஜை அறை, பிறகு முற்றம், மறுபடி அடுப்படி. ஹம்சவேணிக்கு நிறையத் தண்ணீர் குடிக்கும் வழக்கம். எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து அடுப்படிப் பானைக்குப் போய் வருவாள். முன்பெல்லாம் குளியலறைக் கதவைத் தாழிடவே பயந்தவள் இப்போது கணவனின் வியாபாரத்தில் பாதியைத் தானே பார்த்தாள். சாயம் ஏற்றி முடிச்சவிழ்த்த சேலைகளை அலசிக் காயப்போடுவது அவள் பொறுப்பு. “காலைல பெருமாளுக்கு ஒரு கும்பிடு, உங்க டப்பாவுக்கு ஒரு கும்பிடு” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஜெஸிக்குச் சந்தோஷமாகவும் பாரமாகவும் இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் ஹம்சவேணி கல். சந்து முனையில் போன் பூத் வைத்திருந்த ராக்கம்மாள் எப்போதோ நாலு பேர் முன்னால், ஹம்சவேணியின் வலிப்பைப் பற்றி, “அந்தப் பிள்ளைய என்னமோ பிடிச்சு ஆட்டுது” என்று சொல்லிவிட்டாள். அது பள்ளிக்கூடம்வரை போய், ஸ்ரீவர்ஷினி அழுதுகொண்டு வந்தாள். அன்றிலிருந்து ஹம்சவேணி அந்த பூத் பக்கம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை. அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பக்கத்து நம்பர் வேண்டும் என்று ஜெஸி கேட்டபோது, ராக்கம்மாளின் எண்ணைக் கொடுத்தது ராஜேஷ்குமார்தான். அதுவும் ரகசியமாக.

தீபாவளிக்கு முந்தைய வாரம், சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு கல்லூரிக்கு வந்தது. அவர்கள் நிதிக்குச் சரி என்றால் ஆராய்ச்சி இன்னும் மூன்று வருடம் நடக்கும். இல்லையென்றால் ஜெஸி பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். கிருபாகரன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வியர்த்துக்கொண்டே விளக்கினார். திரையில் பச்சைப் புள்ளி முற்றத்தில் ஒளிர்ந்தது.

“அந்தம்மா ரொம்பச் சுறுசுறுப்பு போலிருக்கே. உட்காரவே மாட்டாங்களா?” என்றார் குழுத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெஸியும் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். புள்ளி முற்றத்திலேயே இருந்தது. கிருபாகரன் பேச ஆரம்பித்ததிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. அடுப்படிக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. தண்ணீர் குடிக்காமல் ஹம்சவேணியால் இவ்வளவு நேரம் இருக்க முடியாது. வேலை செய்கிற மனுஷி நிற்பாள், குனிவாள், மூச்சு வாங்குவாள். புள்ளி அணைந்து அணைந்து எரியும். இது ஒரே சீராக, ஆள் மாதிரியே இல்லாமல் எரிந்தது.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது, ஹம்சவேணி ஈரச் சேலைகளோடு மாடிப்படி ஏறுவதைப் பார்த்து ஜெஸிதான் பதறினாள். “மாடியில பெட்டி இல்லக்கா. அங்க விழுந்தா எங்களுக்குத் தெரியாது. முற்றத்துலயே கொடி கட்டிக் காயப்போடுங்க.” ஹம்சவேணி அதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு தலையாட்டினாள். இப்போது தீபாவளி ஆர்டர். முற்றம் நிறையச் சேலைகள் தொங்கும். வெயிலில் சூடேறிய துணி காற்றில் ஆடினால், சுவரிலிருக்கும் பெட்டிக்கு அது மனிதர் நடப்பதுபோலத்தான் தெரியும்.

“சார், ஒரு போன் பண்ணிட்டு வந்துர்றேன்” என்றாள்.

கிருபாகரன் பல்லைக் காட்டிச் சிரித்தபடியே குரலைத் தாழ்த்தினார். “இப்பவா? பச்சைதானம்மா எரியுது?”

ஜெஸி மூலையிலிருந்த டெலிபோனை எடுத்தாள். வீட்டு எண் முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். ராஜேஷ்குமாரின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. சேலை கொடுக்கப் பரவை ஊர்ப் பக்கம் போயிருப்பார். குழுவினர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“என்ன பிரச்சினை?” என்றார் தலைவர்.

கிருபாகரனின் கண்கள் அவளிடம் கெஞ்சின. பத்து வருடக் கனவு அந்தக் கண்களில் இருந்தது. குளித்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லிவிடலாம். ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம்.

“சார், அந்தப் பச்சையை நம்பாதீங்க” என்றாள் ஜெஸி. “அது சேலை ஆடுறதா இருக்கும். அவங்க விழுந்து கிடந்தாலும் எங்க சிஸ்டம் இப்படித்தான் பச்சை காட்டும். அதுக்குக் காரணம் நான் சொன்ன யோசனை.”

பதிலுக்குக் காத்திராமல் ராக்கம்மாளின் பூத்துக்கு அடித்தாள்.

“யாரு?”

“அக்கா, நான் காலேஜ் ஜெஸி. ஹம்சவேணி அக்கா போன எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாக்கிறீங்களா?”

மறுமுனையில் ஒரு ஆட்டோ கடந்துபோகும் சத்தம். பிறகு, “நானா? நல்லா கேட்டியே தாயி! அவ என் மூஞ்சியில முழிச்சு வருசம் ஒண்ணாச்சு. நான் போயி நின்னா, இருக்கிற உசுரும் போயிரும் அவளுக்கு.”

“அக்கா, அவங்க விழுந்து கிடக்கிறாங்களோன்னு பயமா இருக்கு.”

ராக்கம்மாளின் குரல் மாறியது. “உள்ள தாழ்ப்பா போட்டிருப்பாளே. சரி, பக்கத்து வீட்டு மாடி வழியா எறங்குறேன். கையில இரும்பு குடுக்கணுமா?”

“அதெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. மூச்சு விடுறாங்களான்னு மட்டும் பாருங்க.”

“போன வைக்காத. வாரேன்.”

ரிசீவரைப் பலகைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு சந்தின் இரைச்சல்தான். ஒரு சைக்கிள் மணி. யாரோ ஒருவன் பூத்துக்குள் எட்டிப் பார்த்து, “அத்தே, ஒரு லோக்கல் கால்!” என்று கூவிவிட்டு, பதில் இல்லாமல் போனான். ஜெஸி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். பச்சைப் புள்ளி நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு நல்ல சேதியை இப்படி வெறுப்போடு பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. அவளையறியாமல் உதடுகள் ‘அருள்நிறை மரியே’ ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. கிருபாகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குழுவினரில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

திடீரென்று கூடத்தில் ஒரு புள்ளி தோன்றியது. பிறகு வாசல். கால்மிதி மிதிபட்டது. கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டிருக்கிறது. அன்று முதன்முதலாக அந்த இயந்திரம் உண்மை சொன்னது.

சற்று நேரத்தில் பூத்தில் ராக்கம்மாள் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஏத்தா, இருக்கியா?” குரலில் மூச்சு இரைத்தது. “உசுரு இருக்கு. அலசுன சேல குமிஞ்சு கெடந்துச்சு. அதுக்குள்ள மொகத்தப் பொதைச்சுக் கெடந்தா. பெரட்டிப் போட்டேன். ஒதடெல்லாம் நீலம்... இப்பத்தான் மூச்சு சீரா வருது. கண்ணுச்சாமி ஆட்டோவ வாசலுக்கு வரச் சொல்லிட்டேன். நான் கூடப் போறேன்.”

“அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஓட்டுல கால வச்சேன், ஒடைஞ்சிருச்சு.”

“ஓடா, காலா?”

“ரெண்டுந்தான். நீ போன வையி.”

ஹம்சவேணி பிழைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, “உங்க டப்பாதான் காப்பாத்துச்சு” என்று ஜெஸியின் கையைப் பிடித்தாள். “இல்லக்கா. அது பொய் சொல்லிருச்சு. ராக்கம்மாக்கா சுவரேறிக் குதிச்சாங்க. அவங்க காலுக்குக் கட்டுப் போட்டிருக்கு.” ஹம்சவேணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் பேசும் தன் தாய்மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். ஜெஸிக்குப் புரியவில்லை, ஆனால் அது கோபம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. ஒரு வருடமாக இறுகிப்போன வாய் ஒரு நாளில் திறந்துவிடாது. மன்னிப்பதைவிட, நன்றி சொல்வது சிலருக்குக் கடினம்.

குழு மூன்று வருடம் தரவில்லை. ஒரு வருடம் தந்தது. பிழையைத் தாங்களே சொன்னதற்காக அந்த ஒரு வருடம் என்று தலைவர் கிருபாகரனிடம் சொன்னாராம். கிருபாகரன் ஜெஸியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று தன் பங்குக் காபியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் திரையில் புதிதாக ஒன்று தெரிந்தது. விடியும் முன்பே வாசல் கால்மிதி மிதிபடுகிறது. மற்றவர்கள் தூங்கும் அந்த நேரத்தில், கொஞ்ச நேரம் வீட்டில் ஹம்சவேணியின் புள்ளி இல்லை. பிறகு திரும்பி வருகிறது. நாள் தவறாமல் இது நடந்தது. “தூக்கத்துல நடக்கிறாங்களோ? நோயோட சம்பந்தம் இருக்கலாம். விசாரிச்சு எழுது, நல்ல அத்தியாயம் ஆகும்” என்றார் கிருபாகரன். ஜெஸியும் பயந்தாள். இருட்டில் தனியாக எங்கே போகிறாள்? போன் செய்து கேட்டதற்கு, “பால் வாங்க” என்றாள் ஹம்சவேணி. அவர்கள் வீட்டுக்குப் பால் வாசலுக்கே வரும்.

சனிக்கிழமை பெட்டிகளைச் சரிபார்க்கப் போனபோது ஜெஸி பூத் முன்னால் நின்றுவிட்டாள். தெளித்த தண்ணீர் காய்ந்த இடத்தில், இழை பிசகாத பெரிய கோலம். ராக்கம்மாள் கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“யாருக்கா போட்டது?”

“யாருக்குத் தெரியும்? எனக்குக் குனிய முடியல. எந்திரிச்சு வாரதுக்குள்ள எந்த மகராசியோ கூட்டித் தெளிச்சுக் கோலமும் போட்டுட்டுப் போயிர்றா.” ராக்கம்மாள் சந்தின் உள்பக்கம் ஒருமுறை பார்த்தாள். “நானும் சீக்கிரம் எந்திரிக்கிறதில்ல. பாத்துட்டா, நாளைக்கி வர மாட்டாள்ல.”

ஹம்சவேணி வழக்கம்போல் வரவேற்றாள். காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். ராஜேஷ்குமார் கடைகளுக்குப் போயிருந்தார், சிறுமி டியூஷனில். ஜெஸி வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கிருபாகரனிடம், வாசல் தகட்டைத் தானே எடுத்துவிட்டதாகவும் காரணம் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். ஒரு அத்தியாயம் குறையும், அவ்வளவுதான். இந்த வீட்டை நம்பச் சொன்னவள் அவள். ஒரு நாள் அந்த நம்பிக்கையின் கீழே ஹம்சவேணி மூச்சில்லாமல் கிடந்திருக்கிறாள். இந்த ஒரு ரகசியத்தையாவது அவளுக்கு விட்டுவைக்க வேண்டும்.

கால்மிதியைத் தூக்கித் தகட்டின் ஒயரைப் பிடுங்கினாள். சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அப்போதுதான் பார்த்தாள்: மிதியின் மேல், வெறுங்காலின் முன்பாதம் பதிந்த இடத்தில், வெள்ளையாகக் கோலமாவு. ராஜேஷ்குமார் கண்ணில் பட்டால் கேட்பார்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஜெஸி கால்மிதியை வெளியே எடுத்துப்போய், சத்தமில்லாமல் இரண்டு முறை உதறினாள். மாவு வெயிலில் பறந்து சந்தில் கலந்தது. மிதியைத் திருப்பி, சுத்தமான பக்கம் மேலே வருமாறு விரித்து, நான்கு ஓரமும் விரலால் நீவிவிட்டாள்.