மூன்றேகால் மணிக் கடல்

அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் குருநாதன் கட்டிய வீட்டுக்குள் தினமும் இரண்டு முறை கடல் வந்து போனது. பக்கத்து வீடுகளுக்கு வரவில்லை. கொல்லைக் கிணற்றிலிருந்து ஏறி, கூடத்திலும் அடுப்படியிலும் முழங்கால் அளவுக்கு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே இறங்கிவிடும். அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் கல்லாய்ப் போன சிப்பி கிடைக்கும் என்பதால், ஒரு காலத்தில் அங்கே கிடந்த கடல்தான் இது என்று தெருவில் பேசி முடித்துவிட்டார்கள். நேற்றைவிட இன்று ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். குருநாதனின் மனைவி கொளஞ்சியம்மாள் அந்த நேரத்தைக் காலண்டரில் குறித்து வைத்தாள். அரிசி டின்னைப் பரணில் ஏற்றினாள். கட்டில் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். ஏழு வருடம் அப்படியே போனது.

எட்டாம் வருடம், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய குருநாதனின் இடுப்பு மூட்டு தேய்ந்து அவர் படுத்துவிட்டார். திருச்சி டாக்டர் ஆபரேஷனுக்கு ஆனி மாதத்தில் தேதி கொடுத்தார். அதைத் தவறவிட்டால் பிறகு நடப்பது சந்தேகம் என்றார். கொளஞ்சியம்மாள் வீட்டை அடமானம் வைக்கப் பெரம்பலூரில் ஒரு பேங்கில் மனுக் கொடுத்தாள். வீட்டை மதிப்பிட வந்த இன்ஜினியர் அறிவரசனைத் தரை காய்ந்திருந்த காலை வேளையில் வரவழைத்தாள். அவர் அளந்துவிட்டு நல்ல விலை எழுதினார். ஆனால் பத்திரத்தில் ஒரு சர்வே எண் தவறாக இருந்தது. அதைத் திருத்தி வக்கீல் கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று மாதம் கடந்து, மதிப்பீடு காலாவதியாகிவிட்டது. மறுபடி அளக்க வேண்டும் என்றது பேங்க். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"சார், காலையிலேயே வந்துடுங்க சார்" என்று போனில் கெஞ்சினாள்.

"காலைல அரும்பாவூர்ல வேலை இருக்கும்மா. மூணு மணிக்குத்தான் வர முடியும்."

அன்றைக்குக் கடல் மூன்றேகாலுக்கு. அறிவரசன் பாதிக் கூடத்தை அளந்திருந்தபோது தண்ணீர் வந்தது. பேன்ட்டை மடித்துக்கொண்டு மீதியையும் அளந்தார். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"போன தடவை ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார். ஏழு வருஷமா இப்படித்தான் வந்து போவுது. இத எழுதிறாதீங்க சார். அவரு நடக்கணும்."

கட்டிலில் கிடந்த குருநாதன் முகத்தைத் திருப்பினார். "சும்மா இரு. உள்ளத எழுதுங்க சார். மறைச்சு வாங்குன பணத்துல எனக்குக் கால் வேணாம்."

கொளஞ்சியம்மாள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறிவரசன் சுவரை விரலால் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். "ஏழு வருஷமா உப்புத் தண்ணி நின்னும் ஒரு இடத்துலகூடப் பூச்சு உரியலியே" என்றார். கடல் இறங்கும்வரை காத்திருந்து, இன்னொரு முறை அளந்து, அறிக்கையில் இப்படி எழுதினார்: தினமும் இருமுறை கடல் வரும். கட்டடத்துக்குச் சேதமில்லை.

பேங்க் மேனேஜர் புஷ்பவல்லி அதை இரண்டு முறை படித்துவிட்டு அவருக்குப் போன் செய்தார்.

"எந்தக் கடல் சார்?"

"பழைய கடல் மேடம்."

"தானா வடிஞ்சிடுதா?"

"வடிஞ்சிடுது மேடம்."

கடலுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு கடன் வந்தது. குறைந்ததற்குக் கொளஞ்சியம்மாள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். குருநாதனிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. தையல் ஆறியதும் தண்ணீரில் நடந்து பழகச் சொன்னார் டாக்டர். எங்கே போவீர்கள் என்று அவர் கேட்டபோது, அவள்தான் முந்திக்கொண்டு, "வூட்லயே இருக்குங்க" என்றாள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே அவள் தோளைப் பிடித்தபடி நடக்கத் தொடங்கியவர், தை மாதத்தில் தனியாக நடந்தார். அடுத்த வருடம் முழங்கால் வலிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்துகூட பஸ்ஸில் வருகிறார்கள். அன்றைய நேரத்தைப் போனில் கேட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் நெரிசலாக இருக்கும்.