வாசலைவிட உயர்ந்த வண்டி

கெப்ஹார்ட் தீயணைப்பு ஷெட்டின் வாசலை மூன்று முறை அளந்தவர்தான். வரப்போகும் புது வண்டியின் கூரை உயரத்தையும் கேட்டு வாங்கிக் குறித்துவைத்தார். கூரைக்கு மேல் நீல விளக்கு என்று ஒன்று இருக்கும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாக ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருக்கும் மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாதிரியார் புதுத் தண்ணீர் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து, பாண்டு வாத்தியம் முழங்க, ஓபர்லாக் ஊரே கைதட்ட, ஓட்டுநர் வால்புர்கா வண்டியை ரிவர்ஸ் எடுத்தாள். விளக்கு வாசல் உத்தரத்துக்கு இரண்டு விரல் மேலே நின்றது. பாண்டு வாத்தியம் பாதியில் நின்றுபோனது.

வண்டியை ஒப்படைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்திருந்த மாவட்ட அதிகாரி ஸைஃப்ரீட் அம்மையார் பேனாவை மூடினார். "வெளிய நின்னா பனியில பம்ப் வெடிச்சுடும். மத்தியானத்துக்குள்ள வண்டி உள்ள போகணும். இல்லன்னா உண்டர்லாக்குக்குக் கொடுத்துடுவேன்."

கீழ் ஊரான உண்டர்லாக்கின் தீயணைப்புத் தலைவன் ஹார்ட்விக், தன் ஏணி வண்டியில் விருந்தாளியாக வந்து பீர் குடித்துக்கொண்டிருந்தான். "கவலைப்படாத கெப்ஹார்ட். ஏணி வண்டி, ஆள் ஏத்துற வண்டி, பழைய தண்ணி வண்டி எல்லாம் போக எங்க ஷெட்ல இன்னும் இடம் கிடக்கு. என் பொண்டாட்டி இப்பவே கேக் செஞ்சு, வரவேற்புப் பலகாரத்துக்கு ஷெட்லயே எண்ணெய் காய வச்சிருக்கா."

இந்த வண்டிக்காகக் கெப்ஹார்ட் ஆறு வருடம் மனு எழுதியிருக்கிறார்.

வால்புர்கா இறங்கி வந்து காதில் சொன்னாள்: "தலைவரே, டேங்க் காலி. நாலாயிரம் லிட்டர் ஊத்துனா சக்கரத்து வில் பட்டை அமுங்கி வண்டி இறங்கும்ல?"

அம்மையார் காபி குடிக்கப் போன நேரத்தில் ஊற்றினார்கள். வண்டி பெருமூச்சு விட்டு அமர்ந்தது. விளக்குக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. வண்டி உள்ளே போனது. அம்மையார் பேனாவைத் திறந்தார்.

சைரன் அலறியது. தீப்பிடித்தது உண்டர்லாக் ஷெட்டின் சமையலறை. வரவேற்பு எண்ணெய்தான்.

ஹார்ட்விக் ஏணி வண்டியில் பறந்தான். ஏணி ஆகாயம் வரை போகும்; சொட்டுத் தண்ணீர் தராது. பழைய தண்ணீர் வண்டியை வெளியே இழுத்து ஹோஸைத் திறந்தால், காற்று வந்தது. போன வாரம் பிள்ளைகளுக்கு நுரைத் திருவிழா நடத்திவிட்டுக் காலியாகவே உள்ளே விட்டிருந்தார்கள். அதற்குள் வால்புர்கா புது வண்டியோடு வந்துசேர்ந்தாள். நாலாயிரம் லிட்டரும் தீர்ந்தபோது தீ அணைந்திருந்தது. ஆளுக்குச் சேதமில்லை, கேக் மட்டும் கரி.

ஓபர்லாக்கில் அம்மையார் காத்துக்கொண்டிருந்தார். டேங்க் காலி என்பதை மறந்து வால்புர்கா ரிவர்ஸ் எடுத்தாள். டணார்! விளக்குக் கண்ணாடி சிதறியது.

"சித்த முன்னாடி போச்சே?" என்றார் அம்மையார்.

கெப்ஹார்டுக்குப் பொய் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டார். "தண்ணி ஊத்தி அமுக்கி உள்ள விட்டோம் மேடம். காலியா இருந்தா போகாது. தப்பு என்னோடது, நான்தான் சரியா அளக்கல." ஆறு வருட மனு அதோடு போயிற்று.

பின்னாலேயே வந்து இதைக் கேட்டிருந்த ஹார்ட்விக், முகமெல்லாம் கரியோடு ஏணி வண்டியிலிருந்து இறங்கினான். வண்டியைக் கேட்கத்தான் வருகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் ஹோஸை எடுத்து டேங்கில் மாட்டிக் குழாயைத் திறந்தான்.

"என்னய்யா பண்ற?" என்றார் கெப்ஹார்ட்.

"சும்மா இருய்யா." அம்மையார் பக்கம் திரும்பினான். "மேடம், தண்ணி வண்டிய ரொப்பித்தான் நிறுத்தணும்னு சட்டம் போட்டது நீங்கதானே? எங்க வாசல் பெருசு. காலி வண்டிய ஒரு வார்த்தை கேக்காம உள்ள விட்டுடுச்சு. இவன் வாசல் விடாது."

அம்மையார் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைக் கெப்ஹார்டிடம் நீட்டினார்.

"ஹார்ட்விக்," என்றார் அம்மையார், "உங்க வாசல்ல ஒரு உத்தரத்த எறக்கிக் கட்ட எத்தன நாள் ஆகும்?"