பாதியைச் சுமக்கும் கொக்கி

அன்று அறிவியல் டீச்சர் வகுப்புக்கு வந்ததே முதுகைப் பிடித்துக்கொண்டுதான். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட கணவரைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, மறுபடி படுக்கவைத்துவிட்டு வந்திருந்தாள். ஆள் நல்ல கனம். காலையில் பிடி நழுவி, கட்டில் சட்டம் தடுத்ததால் தரைக்குப் போகாமல் தப்பித்தார்.

துணைக்கு வருகிறேன் என்று நாத்தனார் எத்தனையோ தடவை போன் பண்ணியாகிவிட்டது. "பரவாயில்லக்கா, நானே சமாளிச்சுக்கறேன்" என்பதுதான் இவளுடைய பதில். தம்பியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம். வீம்புக்குத் தனியாக ஒரு முதுகு இருந்தால் தேவலை.

மணல் வாளியை ஸ்பிரிங் தராசில் எடைபோட்டுக் காட்டினாள். பிறகு உத்தரத்துக் கொக்கியில் கப்பியை மாட்டி, அதன் மேல் போட்ட கயிற்றின் ஒரு முனையில் வாளியையும் மறுமுனையில் தராசையும் கட்டினாள். "இழுத்துப் பாருங்க. பாதி கனம்தான் காட்டும்" என்றாள் பெருமையாக.

வாயாடி என்று பெயரெடுத்த சிறுமி முந்திக்கொண்டு வந்து இழுத்தாள். "குறையவே இல்லையே டீச்சர்! வாளியோட கனத்தை அப்படியே காட்டுது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலே நிலையாக நிற்கும் கப்பி இழுக்கும் திசையைத்தான் மாற்றும், கனத்தைக் குறைக்காது. தூக்கமில்லாத தலை அதை விழுங்கிவிட்டிருந்தது.

கப்பியைக் கழற்றி வாளியின் கைப்பிடியில் மாட்டினாள். கயிற்றின் ஒரு முனையைக் கொக்கியில் இறுக்கிக் கட்டி, கப்பிக்கு அடியாக விட்டு, மறுமுனையைத் தராசோடு வாயாடியின் கையில் கொடுத்து பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டாள்.

"ஐ, பாதிதான்!" என்று கத்திய வாயாடி, உடனே நெற்றியைச் சுருக்கினாள். "மீதியை யாரு தூக்குறாங்க?"

"மேல பாரு. அந்தக் கொக்கி."

"அது சும்மாதானே இருக்கு?"

"சும்மா இல்லடி. கயிறு உன்னை இழுக்குற மாதிரியே அதையும் இழுக்குது. அது விடாம பிடிச்சிருக்கு."

"அந்த முனையை அவிழ்த்துட்டா?"

"வாளி விழுந்துடும்" என்றாள் டீச்சர். காலையில் நழுவிய கை கண்முன் வந்தது.

மணி அடித்ததும் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள். "அக்கா, வர்றீங்களா? தனியா என்னால முடியல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பெட்டியை என்னிக்கோ கட்டி வச்சுட்டேன்டி. நீ எப்போ கூப்பிடுவேன்னுதான் உக்காந்திருக்கேன்."